2 நிமிட சார்ஜ் எங்கே போச்சு? பேட்டரிக்குள் நானோ செய்யும் வேலை

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 100 விழுக்காடு. மாலையில் பெருவிரைவு ரயிலில் திரும்பும்போது 9 விழுக்காடு. பையில் பவர் பேங்க் இல்லையென்றால் மனத்தில் ஒரு பதற்றம். உங்களுக்கும் பழகிப்போன நிலைதானே?

2014ஆம் ஆண்டு அக்டோபரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒரு செய்தியை வெளியிட்டது. அங்குள்ள இணைப் பேராசிரியர் சென் சியாவ்டோங்கின் குழு புதிய மின்கலன் ஒன்றை உருவாக்கியிருந்தது. இரண்டே நிமிடத்தில் 70 விழுக்காடு வரை சார்ஜ் ஆகும். 10,000 முறை சார்ஜ் செய்யலாம். 20 ஆண்டுகள்வரை உழைக்கும். செய்தி உலகம் முழுக்கப் பரவியது.

அப்போது நீங்கள் தொடக்கப்பள்ளியில் இருந்திருக்கலாம். இன்று உங்கள் கையில் இருக்கும் தொலைபேசி 2 நிமிடத்தில் சார்ஜ் ஆகிறதா? இல்லை.

அப்போ, அது பொய்யா?

பொய் இல்லை. ஆய்வுக்கூடத்தில் உண்மையாகவே நடந்ததுதான். அந்த மின்கலனின் ரகசியம் டைட்டேனியம் டைஆக்சைடால் ஆன நானோ குழாய்கள். மனித முடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லியவை. நானோ அளவுக்குப் பொருளைச் சிறிதாக்கினால் பேட்டரிக்கு வேகம் கிடைக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வேகம் சும்மா கிடைப்பதில்லை. அதற்கு என்ன விலை, யார் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை இப்படி ஒரு தலைப்பு உங்கள் கண்ணில் படும்போது எதை நம்புவது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

<b>முதலில், பேட்டரிக்குள் என்னதான் நடக்குது?</b>

லித்தியம் அயனி பேட்டரியில் இரண்டு முனைகள் உண்டு. நேர்முனை ஒரு பக்கம், எதிர்முனை மறுபக்கம். நடுவில் மின்பகுளி என்ற திரவம். நீங்கள் சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து புறப்பட்டு, திரவத்தில் நீந்தி, எதிர்முனைக்குள் போய்த் தங்குகின்றன. தொலைபேசியைப் பயன்படுத்தும்போது அதே வழியில் திரும்பி வருகின்றன. அவ்வளவுதான் கதை. 1991இல் சோனி நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்கலனிலும் இதுதான் நடந்தது. இன்றைய மின்சாரக் காரிலும் இதுதான் நடக்கிறது.

பெரும்பாலான பேட்டரிகளில் எதிர்முனை கிராஃபைட். பென்சிலின் நடுவில் இருக்கிறதே, அதே வகைக் கரிதான். அதன் அடுக்குகளுக்கு இடையே லித்தியம் போய் உட்காரும், திரும்ப வெளியேயும் வரும் என்று 1980ஆம் ஆண்டுவாக்கில் காட்டியவர் மொரோக்கோவைச் சேர்ந்த ரஷீத் யாசமி. பின்னாளில் அவர் நம் நன்யாங் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார் என்பது இங்கே பலருக்குத் தெரியாத செய்தி.

பேட்டரி எவ்வளவு சேமிக்கும் என்பது முனைகளில் எத்தனை அயனிகளுக்கு இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எவ்வளவு வேகமாகச் சார்ஜ் ஆகும் என்பது அவை எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகின்றன என்பதைப் பொறுத்தது. நானோவின் முதல் வேலை இந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

<b>கேம்பல் லேனில் ஒரு நடை</b>

தீபாவளிக்கு முந்தின நாள் லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேன் வழியாக நடந்திருக்கிறீர்களா? நேராக நடக்க முடியாது. இரண்டடி முன்னே, ஓரடி பக்கவாட்டில், அரையடி பின்னே. திடப்பொருளுக்குள் லித்தியம் அயனி நகர்வதும் ஏறக்குறைய அப்படித்தான். இலக்கு தெரியாமல் இங்கும் அங்கும் தடுமாறிக்கொண்டே போகும்.

இப்படிப்பட்ட நடைக்கு ஒரு விநோதமான கணக்கு உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும்.

இதையே தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். சாதாரண பேட்டரியில் கிராஃபைட் துகள் ஒன்று 10 முதல் 20 மைக்ரோமீட்டர் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதுதான். ஆனால் அயனிக்கு அது பெரிய மைதானம். 10 மைக்ரோமீட்டர் துகளை 100 நானோமீட்டர் ஆக்கினால் அளவு நூறு மடங்கு குறைகிறது. அயனி உள்ளே போய்ச்சேரும் நேரமோ பத்தாயிரம் மடங்கு குறைகிறது!

ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. பொருளை மாற்றவில்லை, வெறும் அளவைத்தான் மாற்றினோம். அதற்கே இவ்வளவு பலன்.

<b>உதவாது என்று ஒதுக்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு தூள்</b>

இது காகிதக் கணக்கு மட்டும்தானா? இல்லை. அதற்குச் சாட்சி சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

1997இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபின் குழு லித்தியம் இரும்பு ஃபாஸ்ஃபேட் என்ற நேர்முனைப் பொருளை அறிமுகம் செய்தது. விலை மலிவு. கோபால்ட் வேண்டாம், நிக்கல் வேண்டாம். சூடானாலும் எளிதில் நிலைகுலையாது. கேட்க எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தவே மறுத்தது. உள்ளே இருந்த லித்தியத்தில் பத்தில் ஆறு பங்கைத்தான் வெளியே எடுக்க முடிந்தது. அதுவும் மிக மெதுவாக.

இந்தப் பொருளின் முன்கதையில் ஒரு தமிழரும் இருக்கிறார். தென் தமிழகத்தின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். 1980களில் குட்இனஃபுடன் சேர்ந்து, ஆக்சைடுக்குப் பதிலாக சல்ஃபேட் போன்ற தொகுதிகள் கொண்ட பொருள்களையும் நேர்முனையாக்கலாம் என்று காட்டியவர். ஃபாஸ்ஃபேட்டுக்கு வழி திறந்தது அந்த ஆய்வு. 2019இல் குட்இனஃபுக்கு வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபெல் உரையை ஆற்றியவர் மந்திரம்தான்.

சரி, பொருளுக்கு வருவோம். லித்தியம் இரும்பு ஃபாஸ்ஃபேட்டின் சிக்கல் அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. அயனிகள் எந்தத் திசையிலும் போக முடியாது. ஒற்றையடிப் பாதை போல நீண்ட குழாய்கள் உள்ளே ஓடுகின்றன. அவற்றின் வழியாக மட்டுமே போகலாம். நடுவில் ஓர் இரும்பு அணு இடம் மாறி உட்கார்ந்துவிட்டால் பாதை அடைபட்டுவிடும். பின்னால் நிற்பவர்கள் அனைவரும் மாட்டிக்கொள்வார்கள். வீவக அடுக்குமாடியின் குறுகலான தாழ்வாரத்தில் யாரோ பழைய சோபாவைப் போட்டுவிட்டது மாதிரி.

தாழ்வாரம் நீளமாக இருந்தால் எங்காவது ஒரு சோபா இருக்கத்தான் செய்யும். தாழ்வாரத்தையே துண்டு துண்டாக வெட்டிவிட்டால்? ஒவ்வொரு துண்டும் குட்டையாக இருக்கும். இரு பக்கமும் வாசல் இருக்கும். அடைப்பு இருக்கும் வாய்ப்பும் குறைவு. பொருளை நானோ அளவுக்குச் சிறிதாக்கி, ஒவ்வொரு துகளின் மேலும் சில நானோமீட்டர் தடிமனுக்குக் கரிப்பூச்சு பூசினார்கள். அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தியது. மந்தமாகக் கிடந்த தூள் சுறுசுறுப்பானது.

2024இல் சிங்கப்பூரில் அதிகம் விற்பனையான மின்சாரக் கார் முத்திரை பிஒய்டி. அதன் மின்சாரக் கார்களில் இருப்பது இதே லித்தியம் இரும்பு ஃபாஸ்ஃபேட்தான். நீங்கள் கடைசியாக ஏறிய தனியார் வாடகைக் காருக்கு அடியிலும் இருந்திருக்கலாம். பத்திரிகைத் தலைப்பில் "நானோ" என்று யாரும் போடவில்லை. ஆனால் நானோ பேட்டரித் துறையில் பெற்ற ஆகப் பெரிய வெற்றி இதுதான் என்பேன்.

<b>இட்லி மாவும் சிலிக்கானும்</b>

எதிர்முனைப் பக்கம் கதை வேறு. அங்கே எல்லாரும் கண் வைத்திருக்கும் பொருள் சிலிக்கான்.

காரணம் எளிது. கிராஃபைட்டில் ஒரு லித்தியத்துக்கு இடம் கொடுக்க ஆறு கரி அணுக்கள் தேவை. சிலிக்கானோ ஒரே அணுவைக் கொண்டு மூன்று, நான்கு லித்தியத்தைத் தாங்கும். கிராஃபைட்டால் கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி சேமிக்க முடியும் என்றால், சிலிக்கானால் 3,500க்கும் மேல். கிட்டத்தட்ட பத்து மடங்கு.

ஆனால் இத்தனை விருந்தாளிகளை உள்ளே விட்டால் வீடு சும்மா இருக்குமா? லித்தியம் ஏறும்போது சிலிக்கான் நான்கு மடங்குக்கு அருகில் உப்புகிறது. இறங்கும்போது சுருங்குகிறது. சில முறை உப்பிச் சுருங்கினாலே விரிசல் விட்டு நொறுங்கிவிடும். பேட்டரி செத்துப்போகும்.

வீட்டில் இட்லிக்கு மாவு அரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்மா பாத்திரத்தை நிறைய ஊற்ற மாட்டார். பாதிதான். நம் ஊர் வெப்பத்துக்கு ராத்திரியிலேயே மாவு பொங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். பொங்க இடம் விடுவதுதான் சூட்சுமம்.

சிலிக்கான் ஆய்வாளர்களும் இதையேதான் செய்தார்கள். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் யீ சுவெய் குழு முதலில் சிலிக்கானை மெல்லிய நானோ கம்பிகளாக வளர்த்தது. கம்பிகளுக்கு இடையே இடைவெளி இருந்ததால் உப்பினாலும் ஒன்றையொன்று நெருக்கவில்லை. அந்த ஆய்வு 2008இல் அச்சேறியது. சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழான சிலிக்கான் துகள், முதன்முறை உப்பும்போது விரிசல் விடுவதே இல்லை என்று 2012இல் வேறோர் ஆய்வாளர் குழு மின்னணு நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்துச் சொன்னது. சிறிய பொருளில் விரிசல் வளர இடமே இருப்பதில்லை.

2014இல் அதே ஸ்டான்ஃபர்ட் குழு மாதுளம்பழத்தைப் பார்த்துப் பாடம் படித்தது. முத்து முத்தான சிலிக்கான். ஒவ்வொரு முத்துக்கும் ஒரு கரி ஓடு. ஓட்டுக்குள் உப்புவதற்குக் காலி இடம். இப்படிப் பல முத்துகளைச் சேர்த்து வெளியே இன்னொரு கரித்தோல். 1,000 முறை சார்ஜ் செய்த பிறகும் 97 விழுக்காட்டுத் திறன் மிச்சம் இருந்தது.

எதற்கு அந்த வெளித்தோல், முத்துகளை அப்படியே விட்டால் என்ன? அங்கேதான் விலைச்சீட்டு தொங்குகிறது.

<b>ஒரு பகடைக்குள் மூவறை வீடு</b>

ஒரு சென்டிமீட்டர் பகடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு முகங்கள். மொத்த மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். இப்போது அதை 100 நானோமீட்டர் அளவுள்ள குட்டிக் கனசதுரங்களாக வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். பொருள் அதேதான். எடையும் அதேதான். ஆனால் எல்லாத் துண்டுகளின் மேற்பரப்பையும் கூட்டினால் 60 சதுர மீட்டர் வரும். வீவக மூவறை வீடு ஒன்றின் தரை முழுவதற்கும் போதும்!

அது நல்லதுதானே, வாசல் கூடுமே என்று தோன்றும். வாசல் கூடுவது உண்மை. ஆனால் எதிர்முனையின் மேற்பரப்பில் மின்பகுளித் திரவம் சும்மா இருப்பதில்லை. அது சிதைந்து ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. அந்தப் படலம் லித்தியத்தைத் தின்கிறது. தின்ற லித்தியம் திரும்ப வராது. மேற்பரப்பு எவ்வளவு பெரிதோ, நஷ்டமும் அவ்வளவு பெரிது. சிலிக்கான் இன்னும் மோசம். ஒவ்வொரு முறை உப்பும்போதும் படலம் கிழிகிறது. கிழிந்த இடத்தில் புதிதாகப் படிகிறது. மறுபடியும் லித்தியம் போகிறது. மாதுளையின் வெளித்தோல் இந்தத் திரவத்தை முத்துகளிடம் நெருங்கவிடாமல் தடுக்கத்தான்.

இன்னொரு சிக்கல் இடம். அரை மூடித் தேங்காயைத் துருவிப் பாருங்கள், கிண்ணம் நிறைந்துவிடும். எடை கூடவில்லை, இடம்தான் அதிகம் பிடிக்கிறது. நானோ தூளும் அப்படியே. எடைக் கணக்கில் அபாரமாகத் தெரியும் பொருள், தொலைபேசியின் குறுகிய இடத்தில் அடைக்கும்போது ஏமாற்றிவிடும். அதனால்தான் ஆலைகளில் நானோ மணிகளை எள்ளுருண்டை பிடிப்பதுபோல் சேர்த்து, மைக்ரோமீட்டர் அளவு உருண்டைகளாக்கி விடுகிறார்கள். உள்ளே நானோ, வெளியே பழைய அளவு.

ஆய்வுக்கட்டுரையின் எண்களில் இந்த இரண்டும் பெரும்பாலும் முன்வரிசையில் இருப்பதில்லை. "கிராமுக்கு இவ்வளவு" என்றுதான் இருக்கும். உங்கள் பாக்கெட்டுக்கு கிராம் அல்ல, கன சென்டிமீட்டர்தான் முக்கியம்.

இன்று கடைகளில் சிலிக்கான் கார்பன் பேட்டரி என்ற பெயரில் 6,000, 7,000 மில்லி ஆம்பியர் மணித் தொலைபேசிகள் வருகின்றன அல்லவா? 2023இல் சீனாவில் வெளியான ஹானர் மேஜிக் 5 ப்ரோ அவற்றுள் முன்னோடி. அவற்றில் எதிர்முனை முழுக்கச் சிலிக்கான் இல்லை. பெரும்பகுதி இன்னமும் கரிதான். அதற்குள் அளவாகச் சிலிக்கான் கலந்திருக்கிறது. நுண்துளைகள் நிறைந்த கரித்துகளுக்குள் சிலேன் என்ற வாயுவைச் செலுத்தி, துளைகளின் உள்ளேயே நானோ அளவு சிலிக்கானைப் படியவைப்பது அதற்கான வழிகளில் ஒன்று. மீண்டும் அதே இட்லிப் பாத்திரம்தான். பத்து மடங்கு என்று ஆரம்பித்த வாக்குறுதி, கடைக்கு வரும்போது ஒல்லியான தொலைபேசியில் கூடுதலாகச் சில மணி நேரம் என்று வந்து நிற்கிறது. குறைத்துச் சொல்லவில்லை. அந்தச் சில மணி நேரத்துக்குப் பின்னால் 15 ஆண்டு உழைப்பு இருக்கிறது.

<b>சரி, அந்த 2 நிமிடம்?</b>

நன்யாங் குழு பயன்படுத்திய டைட்டேனியம் டைஆக்சைடுக்கு மேற்பரப்புத் தொல்லை குறைவு. அது வேலை செய்யும் மின்னழுத்தத்தில் திரவம் எளிதில் சிதைவதில்லை. கிராஃபைட்டை அவசரமாகச் சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாக வெளியே படியும் ஆபத்து உண்டு. இங்கே அதுவும் இல்லை. அதனால்தான் 10,000 முறை தாங்கியது. லித்தியம் இரும்பு ஃபாஸ்ஃபேட்டும் இதேபோல் திரவத்துக்கு ஒத்துப்போகும் மின்னழுத்தத்தில் இயங்கும் பொருள்தான். மேற்பரப்பு அமைதியாக இருக்கும் இடத்தில் நானோ நன்றாகவே வேலை செய்கிறது.

ஆனால் அந்த அமைதிக்கும் ஒரு விலை. எதிர்முனையின் மின்னழுத்தம் உயர்ந்தால் இரண்டு முனைகளுக்கும் உள்ள வித்தியாசம் குறையும். கிராஃபைட் மின்கலன் சுமார் 3.7 வோல்ட் தரும் என்றால், இதே குடும்பத்தைச் சேர்ந்த டைட்டனேட் மின்கலன் தருவது சுமார் 2.4 வோல்ட். சேமிக்கும் இடமும் குறைவு. ஆக, அதே எடையில் பாதி ஆற்றல்கூடக் கிடைக்காது. 2 நிமிடத்தில் சார்ஜ் ஆகி, மதியத்துக்குள் தீர்ந்துபோகும் தொலைபேசியை நீங்கள் வாங்குவீர்களா?

இன்னொன்று, பேட்டரி தயாராக இருந்தாலும் சுவரில் உள்ள மின்சாரம் தயாரா? 5,000 மில்லி ஆம்பியர் மணித் தொலைபேசியை 2 நிமிடத்தில் 70 விழுக்காட்டுக்குக் கொண்டுவர சுமார் 400 வாட் வேண்டும். மடிக்கணினிக்கான 65 வாட் சார்ஜர் ஆறைச் சேர்த்தால் வரும் அளவு. அதையாவது சமாளிக்கலாம்.

60 கிலோவாட் மணி பேட்டரி உள்ள காருக்கு? 1,260 கிலோவாட். வீவக கார் நிறுத்துமிடங்களில் நாம் காணும் மின்னூட்டுக் கருவிகள் பெரும்பாலும் 7.4 கிலோவாட். அவற்றில் 170 கருவிகள் ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தை உங்கள் ஒரு கார் இழுக்கும். அதே 70 விழுக்காட்டை 7.4 கிலோவாட்டில் ஏற்ற ஆறு மணி நேரம் போதும். ராத்திரி நிறுத்தினால் காலையில் தயார். 2030க்குள் சிங்கப்பூர் அமைக்கவிருக்கும் 60,000 மின்னூட்டு இடங்களில் பெரும்பகுதி மெதுவானதாகத் திட்டமிடப்பட்டதன் நியாயம் புரிகிறதா? தூங்கும் காருக்கு அவசரம் இல்லை.

அப்படியானால் அவசரம் யாருக்கு? நிற்காமல் ஓடவேண்டிய வண்டிகளுக்கு. எடை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, ஆனால் பல ஆயிரம் முறை வேகமாகச் சார்ஜ் ஆகவேண்டும் என்பவைக்கு. டைட்டனேட் மின்கலனைத் தோஷிபா நிறுவனம் 2008 முதல் விற்பனை செய்கிறது. ஜப்பானின் என்700எஸ் ஷின்கான்சென் ரயிலில் அது இருக்கிறது. நிலநடுக்கத்தில் மின்சாரம் நின்றுபோனால் பாலத்திலோ சுரங்கத்திலோ சிக்கிய ரயில் தானே நகர்ந்து பாதுகாப்பான இடத்துக்குப் போக அந்த மின்கலன் உதவும்.

டைட்டனேட்டுடன் நையோபியம் சேர்த்தால் சேமிக்கும் அளவு கூடுகிறது. 2024 ஜூனில் பிரேசிலில் அப்படிப்பட்ட எதிர்முனையுடன் ஒரு மின்சாரப் பேருந்து ஓட்டிக் காட்டப்பட்டது. சார்ஜ் ஆக எடுக்கும் நேரம் சுமார் 10 நிமிடம்.

சிங்கப்பூரின் பொதுப் பேருந்துகளில் பாதியை 2030க்குள் மின்சாரப் பேருந்துகளாக்குவது திட்டம். ஒரு பயணம் முடிந்து அடுத்தது தொடங்கும்முன் ஓட்டுநர் பேருந்து முனையத்தில் இறங்கி, ஒரு கோப்பி குடித்துவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? ஏறக்குறைய அதே 10 நிமிடம்தான்.